விளாச்சேரிக் கைகளுக்குப் புதுக் கதை கொடுப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கொலுப் பொம்மைகளைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். எந்த ஊரில் வாங்கலாம், என்ன விலை இருக்கும் என்பதெல்லாம் பயன் உள்ள தகவல். ஆனால் பொம்மை செய்கிற ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

நான் இருப்பது பசுமலை. விளாச்சேரி பக்கத்து ஊர். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் குழந்தை இயேசுவும் ஆட்டுக்குட்டிகளும் என்று அங்கே ஆண்டு முழுக்க மண் பிசைகிற வீடுகள் இருக்கின்றன. புராணம், நாட்டார் கதை, விவிலியம் எல்லாம் ஒரே திண்ணையில் காய்வதை அங்கே போனால் பார்க்கலாம்.

ஒரு புதுப் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். முதலில் ஒருவர் கையாலேயே அந்த உருவத்தை வனைய வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, முன்பக்கம் பின்பக்கம் என்று அச்சு எடுப்பார்கள். அப்புறம் அந்த அச்சில் களிமண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் குழைத்த மண்ணால் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டுவார்கள். கண் எழுதுவது கடைசி வேலை. அச்சு பழசாக ஆக மூக்கும் விரல்களும் மழுங்கத் தொடங்கும். நம் கொலுவில் உள்ள பல தசாவதார செட்டுகளில் முகங்கள் தெளிவில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புது உருவத்துக்குப் பல நாள் உழைப்பும் அச்சுச் செலவும் ஆகும். போட்ட பணம் திரும்பி வருமா என்று தெரியாதபோது இருக்கிற அச்சிலேயே இன்னும் நூறு பொம்மை எடுப்பதுதான் நடக்கும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கதை இருந்தால் மக்கள் வாங்குகிறார்கள் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. நாவல் மரத்தில் முருகன், கீழே பழம் பொறுக்கும் ஔவை என்ற செட்டைப் பார்க்காத கொலுக்கடை இல்லை. பாட்டி வடை சுட, காக்கா தூக்க, நரி காத்திருக்கும் செட்டைக் குழந்தைகள் கேட்டு வாங்குகிறார்கள். யாரோ ஒருவர் முதன்முதலில் அந்தக் காட்சியை மனதில் கண்டு வனைந்திருக்கிறார். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிப் படியில் வைக்க வேண்டும் என்பது கொலு வீட்டு வழக்கம். அந்த ஒன்றை நாம் கேட்டு வாங்கலாமே. எனக்கு நெடுநாள் ஆசை ஒன்று உண்டு. புறநானூற்றின் 50ஆம் பாட்டு. களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அரண்மனையில் முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல், பூ விரித்த அந்த மெத்தையில் படுத்துத் தூங்கிவிடுகிறார். வாளால் வெட்டத் தக்க குற்றம் அது. அங்கே வந்த அரசன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை எழுப்பவும் இல்லை. பக்கத்தில் நின்று விசிறினான். இதைப் பொம்மையாக நினைத்துப் பாருங்கள். புலவர் கிடக்கும் உருவம் அச்சுக்கு எளிது. அரசனின் தூக்கிய கையையும் விசிறியையும் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். புலவருக்குக் கண் எழுதும் வேலை இல்லை, இமைக்கு வளைவாக ஒரு கோடு போதும். ஆனால் அரசன் முகத்தில் அந்தக் கனிவு வர வேண்டுமே, அது கைதேர்ந்தவரால்தான் முடியும்.

பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போன நல்லதங்காள் கதையும் அப்படித்தான். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கொலுவில் அவளைப் பார்த்ததில்லை. பிள்ளைகளோடு அவள் கிணற்றில் விழும் காட்சி வேண்டாம், பண்டிகை வீட்டில் அது மனதைப் பிசையும். அண்ணி கொடுத்த பச்சை வாழைமட்டையை அடுப்பில் வைத்து அவள் மூட்ட, ஏழு பிள்ளைகளும் பசியோடு சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சி போதும். பஞ்சம் என்றால் என்ன என்று பேரப்பிள்ளை கேட்டால் படியைக் காட்டியே சொல்லிவிடலாம். அய்யனாருக்குக் குதிரையும், பிள்ளை வரம் கேட்டவர்களுக்கு மதலை என்கிற மண் குழந்தை உருவமும் செய்து கொடுத்துவரும் தென்மாவட்ட வேளார் குடும்பங்களுக்கு இந்தக் கதைகளை நாம் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

பெயர் விஷயமும் முக்கியம். போன வருஷம் ஒரு கண்காட்சிக் கடையில் அழகான குறத்தி பொம்மை வாங்கினேன். யார் செய்தது என்று கேட்டதற்கு, "மதுரை ஐட்டம்மா" என்றார் விற்றவர். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பொம்மையின் அடியில் வனைந்தவர் பெயரையும் ஊரையும் ஈரமண்ணிலேயே குத்திவிட்டால் சூளையில் சுட்ட பிறகு அது அழியாது. செலவும் இல்லை. அடுத்த வருஷம் அவரையே தேடிப் போய்ப் புது பொம்மை சொல்லலாம். கடைக்காரர்களும் கூட்டுறவு விற்பனை நிலையங்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையும் ஒன்று செய்யலாம். வரும் நவராத்திரி இதழில் புதிய உருவங்களை வனைந்தவர்களின் பெயர், ஊர், அவர்கள் எடுத்துக்கொண்ட கதை ஆகியவற்றைப் படத்தோடு வெளியிடுங்கள். செய்தியாளரை ஆடியிலேயே விளாச்சேரிக்கு அனுப்புங்கள். புரட்டாசியில் வந்தால் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பசுமலை, மதுரை.