மார்னர் போயிட்டான் அண்ணே

ஸ்காபரோ
13 ஜூலை 2025, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லா இருக்கேன், வெயில் இங்கயும் கொளுத்துது, ஆனா நம்ம ஊரு வெயில் மாதிரி காயாது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. அம்மாவோட கண்ணு ஆபரேஷனுக்குப் பணம் வந்துருச்சான்னு பாத்து ஒரு வரி மெசேஜ் போடு. போன வாரம் போன்ல மதினி "ஏன்டா குரலே சரியில்ல, வேலையில எதுவும் பிரச்சினையா"ன்னு கேட்டாங்க, மார்னர் போயிட்டான்னு சொன்னேன், அது யாரு உன்கூட ரூம்ல இருந்த பையனான்னு கேட்டாங்க, அதுக்கு மேல விளக்க முடியல, நீயும் கிரவுண்டுக்குக் கிளம்பிட்ட. அதான் இன்னைக்கு லீவு, உக்காந்து முழுசா எழுதுறேன். மார்னர்ங்கறது இங்க டொரண்டோ ஐஸ் ஹாக்கி டீம்ல ஆடுன பையன், இப்ப வேற டீமுக்குப் போயிட்டான். நீ ஹாக்கிக்காரன், உனக்குப் புரியும்.

நம்ம கோவில்பட்டியை ஹாக்கிபட்டின்னு சொல்ற மாதிரிதான் இந்த டொரண்டோவும், என்ன, இங்க ஐஸ்ல. எங்க தெருவுல சின்னப் பசங்க ரோட்டுலயே ரெண்டு பக்கமும் வலை வச்சு டென்னிஸ் பால்ல ஆடுவானுங்க, கார் வந்தா ஒருத்தன் "கார்"னு கத்துவான், வலையைத் தூக்கி ஓரமா வச்சுட்டு கார் போனதும் திரும்பக் கொண்டாந்து நடுவுல வப்பானுங்க. அதைப் பாத்துக்கிட்டு நின்னா எனக்கு நம்ம தீப்பெட்டி ஆபீஸ் சந்துல வேலிக்கம்பை வளைச்சு ஆடுனது ஞாபகம் வரும். ஊரு டீம் பேரு மேப்பிள் லீஃப்ஸ். ஸ்டான்லி கப்புன்னா இந்த லீக்கோட பெரிய கப், கடைசியா அதை ஜெயிச்சது 1967ல, அதுக்கப்புறம் 58 வருஷமா இல்ல. இல்லாட்டாலும் ஒவ்வொரு அக்டோபரும் இந்த வருஷம் உண்டுன்னு நம்புற ஊரு இது. அந்த நம்பிக்கைதான் என்னை முதல்ல இழுத்துச்சு.

நான் வந்த புதுசு உனக்குத் தெரியும், 2018 செப்டம்பர். யார்கிட்டயும் பேச்சு கிடையாது, கிடங்குல பெட்டி ஒட்டுற வேலை, மதியம் சாப்பாட்டு ரூம்ல ஓரமா உக்காந்து டப்பாவைத் தொறந்து சாப்ட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். டிசம்பர் 1, சனிக்கிழமை ஓவர்டைம், சாயந்தரம் அஞ்சு மணி ஆகப்போகுது, ரேடியோவைச் சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க, பெல்ட்டுல பெட்டி குமிஞ்சு கிடக்கு, சூப்பர்வைசரும் அங்கதான் நிக்கிறாரு. என்னன்னு கேட்டேன். நைலேண்டர்னு ஒரு பையன் சம்பளம் ஒத்துவராம கையெழுத்துப் போடாம இருக்கான், அஞ்சு மணிக்குள்ள போடலன்னா இந்த வருஷம் பூரா ஆட முடியாது, அதான் ரூல்னு சொன்னாங்க. அஞ்சடிக்க சில நிமிஷம் இருக்கறப்ப போட்டுட்டான். அந்த ரூம்ல எழும்புன சத்தம் இருக்கே அண்ணே, கோல் போட்ட மாதிரி. ஆட்டம் கூட இல்ல அது, ஒரு கையெழுத்து.

அன்னைக்கு எனக்குப் பக்கத்துல நின்னவருதான் யாழ்ப்பாணத்துப் பெரியவர், அவரைப் பத்தி முன்னாடியே எழுதிருக்கேன், 1988ல வந்தவர், 1993ல லீஃப்ஸ் ஃபைனலுக்கு ஒரு படி முன்னால லாஸ் ஏஞ்சலஸ்கிட்ட ஏழாவது மேட்ச்ல தோத்ததை இன்னைக்கும் சொல்லும்போது கண்ணு கலங்குவார். "தம்பி, இஞ்ச வாரும், உமக்கு நான் விளங்கப்படுத்துறன்"னு ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழிச்சு மார்க்கர்ல எழுதிக் காட்டுனாரு. அந்த அட்டையை இன்னும் வச்சிருக்கேன், ஒவ்வொரு வருஷமும் அதுலயே ஓரத்துல புதுக் கணக்கு எழுதி இப்ப எடமே இல்ல.

விஷயம் இதான். 2004-05ல முதலாளிமாருக்கும் ஆட்டக்காரங்களுக்கும் சண்டை வந்து ஒரு சீசன் முழுசா நடக்கவே இல்ல. அது முடிஞ்சப்ப ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, எந்த டீமும் சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல போகக்கூடாது, அதுக்குப் பேரு சேலரி கேப். முதல் வருஷம் 39 மில்லியன் டாலர், ஒரு மில்லியன்னா பத்து லட்சம், அமெரிக்க டாலர் கணக்கு. டொரண்டோ கையில எவ்வளவு பணம் இருந்தாலும் சரி, சின்ன ஊரு டீமுக்கும் இதுக்கும் ஒரே அளவு சட்டிதான். 23 பேரு வரைக்கும் வச்சுக்கலாம், அந்தச் சட்டிக்குள்ள அத்தனை பேரும் அடங்கணும். இதைப் பாக்குறவருதான் ஜெனரல் மேனேஜர். யாரை எடுக்கணும், எத்தனை வருஷத்துக்கு, யாரை அனுப்பணும் எல்லாம் அவர் தலைமேல. கோச்சை விட இங்க அதிகமாத் திட்டு வாங்குறதும் அவர்தான், அதிகமாப் பேசப்படுறதும் அவர்தான்.

நான் வந்தப்ப அந்த வேலையில இருந்தது கைல் டூபாஸ், 32 வயசுல அந்த நாற்காலிக்கு வந்தவரு. 2018 ஜூலை 1 அன்னைக்கு ஜான் டவாரஸை நியூயார்க் பக்கத்து டீம்ல இருந்து வரவழைச்சாரு, ஏழு வருஷம் 77 மில்லியன், வருஷத்துக்கு 11. மிஸ்ஸிசாகால பொறந்த பையன், சின்ன வயசுல லீஃப்ஸ் போர்வை போத்திப் படுத்திருந்த போட்டோவை அவனே போட்டான், ஊரே கொண்டாடுச்சாம். அப்புறம் நைலேண்டருக்கு வருஷம் 7 கிட்ட, 2019 பிப்ரவரில ஆஸ்டன் மேத்யூஸுக்கு 11.6, செப்டம்பர்ல மிட்ச் மார்னருக்கு 10.9. கூட்டிப் பாரு, நாலு பேருக்கு 40.5 மில்லியன். அந்த வருஷம் மொத்தச் சட்டியே 81.5. நாலு பேரு பாதியை எடுத்துட்டா மிச்சம் பத்தொன்பது பேரும் மீதிப் பாதியில. பெரியவர் அட்டையில அந்த 40.5ஐ மூணு தடவை வட்டம் போட்டுருக்காரு.

இதுலதான் எங்க சாப்பாட்டு ரூம் ரெண்டாப் பிரிஞ்சது, ஆறு வருஷம் ஆகியும் இன்னும் சேரல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற பஞ்சாபிக்காரர் சொல்வாரு, நல்லா ஆடுறவன் கிடைக்கிறதுதான் கஷ்டம், கிடைச்சவனை விடாதே, மத்த எடத்துக்கு ஆள் எங்க வேணாலும் கிடைப்பான்னு. பெரியவர் ஒத்துக்கவே மாட்டாரு, பெனால்டி நேரத்துல உடம்பைக் குடுத்து பக்கைத் தடுக்குறவன், மூலையில போயி இடிச்சு எடுக்குறவன், அவனுக்குக் காசு இல்லாம கப் எப்படி வரும்னு கேப்பாரு. பக்குன்னா நம்ம பந்து மாதிரி, வட்டமா கறுப்பா கடிசா இருக்கும். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல. டூபாஸ் மேல முழுப் பழியையும் போட எனக்கு மனசு வராது, ஏன்னா அவரு கேப் வருஷா வருஷம் ஏறும்னு நினைச்சுதான் அந்தச் சம்பளமெல்லாம் குடுத்தாரு, எல்லா டீமும் அப்படித்தான் நினைச்சாங்க. கொரோனா வந்துருச்சு. கூட்டம் இல்ல, வருமானம் இல்ல, 81.5 அப்படியே மூணு வருஷம் நின்னுருச்சு, அப்புறமும் ரெண்டு வருஷம் ஒவ்வொரு மில்லியனா ஏறுச்சு. வீட்டு வாடகை, கறி, மீன் எல்லாம் நிர்ணயம் பண்ணப்புறம் சம்பளம் ஏறாம நின்னா எப்படி இருக்கும், அது மாதிரி.

ஆனா எனக்குப் பொறுக்காத விஷயம் வேற. 2019 கோடையில மார்லோன்னு ஒரு மூத்த ஆட்டக்காரர், அவரோட 6.25 மில்லியன் கணக்குல இருந்து இறங்கணும்னு கேரலைனாவுக்குத் தள்ளிவிட்டாங்க, சும்மா யார் வாங்குவா, கூடவே முதல் ரவுண்டுல புதுப் பையன் எடுக்குற உரிமையையும் சேத்துக் குடுத்தாங்க. அந்த உரிமையில கேரலைனா எடுத்த பையன் ஸெத் ஜார்விஸ், இன்னைக்கு அங்க முக்கியமான ஆளு. அதே கோடையில நஸீம் கட்ரியை கொலராடோவுக்கு அனுப்புனாங்க. லண்டன்னு இங்க ஒன்டாரியோவுலயே ஒரு ஊரு, அங்க லெபனான்ல இருந்து வந்த குடும்பத்துப் பையன், முஸ்லிம். எங்கள மாதிரி வெளியில இருந்து வந்தவங்க வீட்டுல அவன் படம் ஒட்டாத பையன் ரூம் கம்மி. கோபக்காரன், உண்மை, ரெண்டு வருஷம் தொடர்ந்து பாஸ்டனோட பிளேஆஃப்ல, அதாவது சீசன் கடைசி நாக்அவுட்ல, தடை வாங்கி டீமை நடுவுல விட்டுட்டான், அதான் அனுப்புனாங்க. ஆனா அவன் சம்பளம் வெறும் 4.5தான் அண்ணே, அந்தக் காசுக்கு அப்படி ஒரு சென்டர், முன்வரிசையில நடுவுல ஆடுறவன், கிடைப்பானா. 2022ல கொலராடோவோட கப் ஜெயிச்சான், உடைஞ்ச கட்டைவிரலுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்து ஃபைனல்ல ஓவர்டைம்ல கோல் போட்டான், கப்பை அவன் ஊரு பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போனான். அந்தப் படத்தைப் பெரியவர் எனக்கு அனுப்புனாரு, கீழ ஒண்ணுமே எழுதல. ஹைமனும் அப்படித்தான், டொரண்டோ பையன், 2021ல இடமில்லன்னு விட்டாங்க, எட்மன்டன் 5.5 குடுத்து எடுத்துச்சு, மூணாவது வருஷம் 54 கோல்.

உனக்கு ஞாபகம் இருக்கா, நான் பத்தாவது படிக்கிறப்ப நம்ம பசங்களுக்கு வசூல் பண்ண பணம் முழுக்க முன்வரிசைக்கு ஸ்டிக் வாங்குனோம், கோல்கீப்பருக்குக் கிழிஞ்ச பேடையே சணல் வச்சுக் கட்டி விட்டோம். செமி ஃபைனல்ல ரெண்டாவது பெனால்டி கார்னர்லயே கட்டு அவுந்து பேடு கால்ல சுத்திக்கிச்சு, அவன் குனிஞ்சு கட்டுறதுக்குள்ள பந்து பலகையில அடிச்ச சத்தம். நீ ராத்திரி சாப்பிடாம மொட்டை மாடியில படுத்திருந்த. லீஃப்ஸ் தோக்குற ஒவ்வொரு வருஷமும் எனக்கு அந்தப் பலகைச் சத்தம்தான் கேக்கும்.

பிளேஆஃப்ல ஒரு ரவுண்டுன்னா ஏழு மேட்ச் வரைக்கும், முதல்ல நாலு ஜெயிக்கிறவன் அடுத்த ரவுண்டு. 2023ல தம்பா டீமை ஆறு மேட்ச்ல ஜெயிச்சாங்க, டவாரஸ் ஓவர்டைம் கோல், 2004க்கு அப்புறம் ஒரு ரவுண்டு தாண்டுனதே அன்னைக்குத்தான், ராத்திரி பூரா ஹார்ன். அடுத்த ரவுண்டுல ஃப்ளோரிடா அஞ்சே மேட்ச்ல முடிச்சுருச்சு. மே மாசம் டூபாஸ் வெளிய. அவரு எடத்துக்கு பிராட் ட்ரெலிவிங் வந்தது மே 31. இதைக் கவனி, மார்னர் ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருந்துச்சு, 2023 ஜூலை 1ல இருந்து அவன் சம்மதம் இல்லாம எங்கயும் மாத்த முடியாது. புது மேனேஜருக்கு வீட்டைச் சுத்திப் பாக்கக்கூட ஒரே மாசம்தான் இருந்துச்சு. அந்த ஒரு மாசத்துல வித்திருக்கணும்னு ஒரு கூட்டம், வந்த உடனே எவன் அப்படி ஒரு ஆட்டக்காரனை விப்பான்னு இன்னொரு கூட்டம். சண்டை நடக்கட்டும், என்னைக் கேட்டா அந்த ஷரத்தைக் குடுத்ததுதான் தப்பு. 10.9 குடுத்தது பெரிய தப்பில்ல. காசு போனா வேற வழி கண்டுபிடிக்கலாம், வாசல் சாவியையே குடுத்தப்புறம் என்ன பண்றது.

இந்த வருஷம் ஒட்டாவாவை ஜெயிச்சு, ஃப்ளோரிடாவோட முதல் ரெண்டு மேட்சும் ஜெயிச்சாங்க. நான் உனக்குப் போன் பண்ணி கத்துனேனே, அப்பதான். மே 18 ஏழாவது மேட்ச் டொரண்டோவுலயே, பெரியவர் வீட்டு பேஸ்மென்ட்ல பதினோரு பேரு, அவங்க வீட்டம்மா ரோல்சும் டீயும் வச்சாங்க. 6-1னு தோத்தாங்க. கடைசியில சனங்க போட்டிருந்த ஜெர்சியைக் கழட்டி ஐஸ்ல எறிஞ்சாங்க. பெரியவரோட பேத்தி, எட்டு வயசு, 16ஆம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தா, அது மார்னர் நம்பர், டிவியில எறியிறதைப் பாத்துட்டு அவ ஜெர்சி நெஞ்சை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா, யாரும் பிடுங்கிருவாங்கன்னு. எனக்கு அதுக்கப்புறம் டிவி பாக்க முடியல.

அந்தப் பையன் மார்க்கம்ல பொறந்தவன் அண்ணே, நான் வேலைக்குப் போற பஸ்ஸு தாண்டி அங்கிட்டு. இந்த சீசன் கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் சேத்து 102 பாயின்ட் எடுத்தான். ஜூன் 30 அன்னைக்கு வேகஸுக்குப் போயிட்டான், எட்டு வருஷம் 96 மில்லியன், வருஷத்துக்கு 12, நம்ம கணக்குல 100 கோடிக்கு மேல. இந்த வருஷ ரூல்படி எட்டு வருஷ ஒப்பந்தம் சொந்த டீம்தான் குடுக்க முடியும், அதனால இங்க கையெழுத்துப் போட்டு உடனே அங்க அனுப்புன மாதிரி பண்ணி, பதிலுக்கு நிக்கோலா ருவான்னு ஒரு சென்டரை வாங்குனாங்க, இல்லன்னா கை காலியாப் போயிருக்கும், அதுல ட்ரெலிவிங் பண்ணது சரி. வேகஸ் இருக்குற நெவாடால மாகாண வருமான வரி கிடையாது, இங்க பெரிய சம்பளத்துக்கு 53 சதவீதத்துக்கு மேல வரி, அதனாலதான் போனான்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. ஊர்க்காரப் பையன் தோத்தா ஊரு திட்டுறது ரெண்டு மடங்கு, கடையில நிம்மதியா ஒரு காபி வாங்க முடியாது, பொண்டாட்டி பிள்ளையோட எங்கயாவது போயி நிம்மதியா ஆடணும்னு தோணிருக்கும். டவாரஸ் அதே வாரத்துல 11ல இருந்து 4.4க்கு இறங்கி நாலு வருஷம் இங்கயே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டான், அவனைக் கும்பிடுறேன், ஆனா அவனைக் காட்டி இவனைத் திட்டுறவங்களோட நான் பேசுறதில்ல.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. கடலைமிட்டாய் யாராவது வந்தா குடுத்துவிடு, பெரியவருக்கு அது பல்லுக்குக் கடிசா இருந்தாலும் விடமாட்டாரு. கோல்கீப்பர் பேடுக்குத் தனியா 15,000 ரூபா நேத்து போட்டிருக்கேன், ஜலந்தர்ல இருந்து வரவழை, பையன் முட்டி அளவு எடுத்து அனுப்பு, முன்வரிசைப் பசங்க எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் காசுல ஸ்டிக் வாங்கிராத.

அன்புத் தம்பி