டெல்ஃபியில் என் செருப்பைக் கட்டிக் கொடுத்தவருக்கு

கிரீஸில் டெல்ஃபிக்கு, அந்தப் பழங்காலக் கோயில் இடிபாடுகளைப் பார்க்கப் போனால், நல்ல ஷூ போட்டுப் போங்கள். நான் போடவில்லை. பர்னாசஸ் மலைச்சரிவு, எல்லாமே ஏற்றம். ஏதென்ஸ்காரர்களின் கருவூலத்தை (காணிக்கைகளை வைக்க அவர்கள் கட்டிய சின்னக் கட்டடம்) தாண்டும்போது செருப்பு வார் அறுந்துபோனது. சுடுகல்லில் ஒற்றைக் காலில் நின்றேன்.

தொப்பி போட்ட ஒரு அம்மா வந்தார். பேச்சே இல்லை. தொப்பி நாடாவை உருவி, செருப்பு ஓட்டையில் நுழைத்து இரண்டு முடிச்சுப் போட்டார். "எஃப்காரிஸ்தோ" என்றேன், எனக்குத் தெரிந்த ஒரே கிரேக்க நன்றி. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போலோ கோயிலின் ஆறு தூண்கள், அதற்கு மேலே நாடக அரங்கு, உச்சியில் ஓட்டத் திடல் என்று எல்லாம் ஏறினேன், உங்கள் நாடாவோடு. ரொம்ப நன்றிம்மா!

அப்புறம் அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டி சிலை. ஏறக்குறைய 2,500 வயது. அவனும் வெறுங்கால்தான்.