மருந்து என்ற ஒரு சொல்

அன்புள்ள தனம்,

பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றவள் ஆடியில் எழுதுகிறேன். திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். பத்மா டீச்சர் உன் கேரட் கதையை இன்னும் விடவில்லை. நீ தோட்டக்கலைக்காரி என்பதால் இது உனக்குத்தான்.

வியாழன்தோறும் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தெரபி கொடுக்கக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறேன் இல்லையா, போன மாதம் பூம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். மூன்றரை வயது. அம்மா, தா, பூ, அவ்வளவுதான் பேச்சு. காது நன்றாகக் கேட்கிறது, பரிசோதித்தாயிற்று. வழக்கமான படிவத்தை எடுத்து, "இவன் வயித்துல இருக்கும்போது மருந்து எதுவும் உண்டாம்மா?" என்றேன். "இல்லாமலா? உருளைக்கு வாராவாரம், பூண்டுக்கு அப்பப்ப. எட்டாம் மாசம் வரைக்கும் நான்தான் டிரம்முல கலக்கி டேங்க்ல ஊத்துனேன்" என்றாள்.

பதினோரு வருடமாகக் கேட்கும் கேள்வி, தனம். மாத்திரையைத் தவிர எதையும் நான் நினைத்ததே இல்லை.

பேசிக்கொண்டிருக்கையில் பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை மூடியை எடுத்தான். உள்ளே மில்லி அளவுக் கோடுகள், கோட்டில் பழுப்பாகக் காய்ந்த கறை. உதட்டில் வைத்து ஊதினான். பிடுங்கிவிட்டேன். அழுதுகொண்டே கை நீட்டி "தா" என்றான். எந்த அட்டையைக் காட்டினாலும் வராத சொல், தானாக வந்தது. என்னால் கொடுக்க முடியவில்லை.

இந்த மருந்தால்தான் இவனுக்குப் பேச்சு தாமதம் என்று சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் குளோர்பைரிபாஸ், ப்ரொபெனோபாஸ் வகை மருந்து பூச்சியின் நரம்பில் எந்த நொதியை முடக்குகிறதோ, அதே நொதி நம் நரம்பிலும் இருக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பண்ணைக் குடும்பத்துப் பெண்களின் சிறுநீரில் இந்த வகையின் எச்சத்தைக் கர்ப்பத்தின்போதே அளந்து, பிள்ளைகளை ஏழு வயதுவரை தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது. எச்சம் மிக அதிகமாயிருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாயிருந்தோரின் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கினார்கள். மொழிப் புரிதல் மதிப்பெண்ணும் குறைந்தது. பிள்ளைகளின் சொந்தச் சிறுநீரில் இருந்த எச்சத்தோடு அப்படிச் சீரான தொடர்பு தெரியவில்லை. வயிற்றில் இருந்த காலம்தான் கணக்கு.

மருந்து பாட்டிலில் இருக்கும் முக்கோணம் உனக்குத் தெரியும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நிறமெல்லாம், குடித்தாலோ மேலே பட்டாலோ உடனே என்ன ஆகும் என்பதற்கான அளவு. வயிற்றுப்பிள்ளையைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்வதில்லை. பச்சை என்றால் பயமில்லை என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள்.

தெரபி இதனால் மாறாது. அதே விளையாட்டு, அதே பொறுமை. படிவத்தில் மட்டும் "வயலுக்கு அடிக்கிற மருந்து" என்று தனியாக ஒரு வரி எழுதிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லும் வீட்டுப் பிள்ளையை, தானாகப் பேசட்டும் என்று விடாமல் இரண்டு வயதிலேயே பார்த்துவிடலாம். அடித்துவிட்டு வந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள், குளித்துவிட்டுத் தூக்குங்கள் என்றும் சொல்கிறேன்.

அவள் கணவரிடம் பேசினேன். "மூடுபனி ரெண்டு நாள் நின்னா இலை கருகிடும், ஆளுக்கு எங்க போறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கருகலுக்கு அடிப்பது வேறு, புழுவுக்கு அடிப்பது வேறு என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர்களுக்கு இரண்டும் மருந்துதான். எதைக் குறைக்கலாம், எதை விடவே விடலாம், யார் கலக்கக்கூடாது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, உன் ஆபீஸ் தமிழில் வேண்டாம். முடிந்தால் நேரில் வா. வர்க்கி பிஸ்கட் இல்லாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன்.

சீக்கிரம் வா, தனம். அவளுக்கு இப்போது மறுபடி நாலு மாதம். நேற்றுகூட அவள்தான் கலக்கினாளாம்.

உன்,
செல்வி