பெரு ஆட்டத்தின் அந்த ஒரு கோல் யாருடையது? – கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

என் பெரியப்பாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. காலிகோ அட்டை போட்ட கணக்கு நோட்டு. உள்ளே கணக்கு எதுவும் இல்லை. 1957இலிருந்து 1963 வரை அவர் நேரில் பார்த்ததும் பேப்பரில் படித்ததுமான கால்பந்தாட்டம் முழுக்க இருந்தது. கல்கத்தாவில் ரயில்வே வேலை, லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறையில் நாலு தமிழர்களோடு குடித்தனம். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்களாம், இவர் மைதானத்துக்குப் போவார். போய்வந்த ராத்திரியே தேதி போட்டு எழுதிவிடுவார். அவர் போன பிறகு நோட்டு என்னிடம் வந்தது.

அதில் 1960 செப்டம்பர் மாதத்துப் பக்கம் ஒன்று. ரோம் ஒலிம்பிக். மையில் எழுதியிருக்கிறார்: ‘பெரு 3, இந்தியா 1. நம்ம கோல் பலராம்.’ அதற்குக் கீழே பல வருஷம் கழித்து எழுதியது மாதிரி, நடுங்கிய பென்சில் எழுத்தில் இன்னொரு வரி: ‘சைமன்னு சொல்றாங்களே?’

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பென்சில் வரிதான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. ஆக, அன்று பெருவுக்கு எதிராக விழுந்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் நாம் போட்ட கடைசி கோல். அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதைப் போட்டவர் பெயரில் இன்னும் குழப்பம். ஒருபக்கம் புள்ளிவிவரப் பட்டியல்களைத் திறந்தால் பலராம் என்று இருக்கிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சைமன் சுந்தரராஜைப் பற்றி யார் எழுதினாலும் ‘ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோலைப் போட்டவர்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் 1973இல் முதன்முறையாக வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் சைமன். அவரும் சாதாரண ஆள் இல்லை. இரண்டு பேரையும் நேசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, ஒருவரின் கோலை எடுத்து மற்றவருக்குக் கொடுக்கிற இந்த நிலைமை சங்கடமாக இருக்கிறது. உண்மையில் அது சைமனின் கோல் என்றால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். பலராமின் பெருமை அந்த ஒரு கோலில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

துளசிதாஸ் பலராம் 1936 அக்டோபர் 4 அன்று செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம், கஷ்ட ஜீவனம். போலீஸ்காரர் ஒருவர் கழித்துப்போட்ட பூட்ஸை வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பந்து விளையாடத் தோதாக மாற்றிக்கொண்டார் என்பது அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஹைதராபாத் வரை போய்வரக் காசில்லாத பையனைப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் விடாமல் இழுத்துப் பிடித்து ஆட வைத்தார் என்பது இன்னொன்று. அடுத்த சில காலத்திலேயே அந்தப் பையன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தார். இந்தியா நான்காம் இடம் பிடித்த ஒலிம்பிக் அது. அப்போது அவருக்கு வயது இருபது.

அப்புறம் கல்கத்தா. 1957இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். தேசப் பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டுக் கிழக்கிலிருந்து வந்தவர்களின் அணி அது. ஜெயித்தால் இலிஷ் மீன், பரம எதிரியான மோகன் பகான் அணி ஜெயித்தால் இறால் என்று ஊரே சந்தையில் முடிவைச் சொல்லும். பெரியப்பாவுக்கு டிக்கெட் கிடைத்த நாட்கள் குறைவு. கிடைக்காத நாட்களுக்காக ஒரு சாமான் வைத்திருந்தார். கையளவு அகலம், முழங்கைக்கு மேல் நீளம், அட்டையால் செய்த சதுரக் குழாய். மேல் முனையில் ஒரு கண்ணாடி, கீழ் முனையில் ஒரு கண்ணாடி, இரண்டும் சாய்த்து ஒட்டியிருக்கும். கூட்டத்துக்குப் பின்னால் நின்று மேல்முனையைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் கீழ்க் கண்ணாடியில் மைதானம் தெரியும். கல்கத்தா மைதானத்தில் அந்தக் காலத்தில் இதை ஏராளமான பேர் வைத்திருந்தார்கள். பெரியப்பாவின் குழாயில் கீழ்க் கண்ணாடியின் ஓரம் உடைந்திருந்தது. அதனால் ஆடுகளத்தின் வலது மூலை தெரியாது. ‘பலராம் இடது பக்கம்தானே வருவான், எனக்கு அது போதும்’ என்பார்.

பலராமின் ஆட்டத்தை எங்களுக்குக் காட்டித்தர அவர் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்வார். சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒரு டம்ளர், அது தடுப்பாட்டக்காரர். பழத்தை டம்ளருக்கு நேரே உருட்டி, விரலை வலது பக்கம் கொண்டுபோவார். தோள் முழுக்க அந்தப் பக்கம் சாயும். பழம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். டம்ளர் நகர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே விரலால் பழத்தை இடது பக்கம் ஒரு சுண்டு. ‘அவன் ஓடவே மாட்டான்டா, எதிராளியைத்தான் ஓட விடுவான்’ என்று சொல்லிவிட்டுப் பழத்தை எடுத்து ரசத்தில் பிழிந்துவிடுவார். பலராம் ஆடிய படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பலராம் அந்த எலுமிச்சம்பழம்தான். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அவர் இப்படி யாரோ ஒரு பெரியவரின் கை அசைவாகத்தான் கிடைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

1961இல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முன் அந்த அணி லீக் வென்றது 1952இல். ஒன்பது வருஷக் காத்திருப்பு! நோட்டில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பெரியப்பா சிவப்பு மை வாங்கி எழுதியிருக்கிறார்.

மறுபடி ரோமுக்கு வருகிறேன். முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. அந்த ஹங்கேரி அணியில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடினார். 1967இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்வானவர். அந்த ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வெண்கலம் கிடைத்தது. அப்படிப்பட்ட அணியிடம் நாம் 1–2 என்ற கணக்கில்தான் தோற்றோம். அந்த ஒன்று பலராம் போட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்து பிரான்ஸோடு 1–1 சமன். ஒலிம்பிக்கில் பிரான்ஸை மடக்கிப் போட்ட இந்திய அணி ஒன்று இருந்தது என்று இன்றைக்குப் பந்து உதைக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

ஜகார்த்தா பற்றி நான் நீட்டத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். 1962 செப்டம்பர் 4, ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கி வைத்ததை இந்தியரான ஜி. டி. சோந்தி எதிர்த்துப் பேசியதால் ஊரே நமக்கு எதிராகத் திரும்பியிருந்தது. அரங்கம் நிறைந்த அந்த இரைச்சலுக்கு நடுவே நம்மவர்கள் தென்கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. பலராம் அதற்கு முன் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராகக் கோல் போட்டிருந்தார். அந்த வருஷம் அவருக்கு அர்ஜுனா விருது. மறு வருஷம், 1963இல், ரஹீம் புற்றுநோயால் இறந்தார். அதே 1963இல் நுரையீரல் நோய் பலராமின் ஆட்டத்தை முடித்துவைத்தது. இருபத்தேழு வயது. மற்றவர்கள் முழு வீச்சில் ஆடத் தொடங்குகிற வயது அது. பெரியப்பாவின் நோட்டும் அந்த வருஷத்தோடு நின்றுவிடுகிறது. ஏன் நிறுத்தினார் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் கால இந்திய அணியின் முன்கள வீரர்களான சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். சுனிக்கு 1983இல் பத்மஸ்ரீ. பி. கே.வுக்கு 1990இல். பலராமுக்கு இல்லை. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை. சுனியும் பி. கே.வும் 2020இல் ஒரே வசந்தகாலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்த பலராம் 2023 பிப்ரவரி 16 அன்று, 86 வயதில் காலமானார். ரஹீமைப் பற்றிய இந்திப் படம் திரைக்கு வந்தது அதற்குப் பதினான்கு மாதம் கழித்து. படம் பார்த்துவிட்டு வந்த என் தங்கை மகன், ‘மாமா, பலராம்னு ஒருத்தர் வர்றாரே, அவர் தமிழராமே, நிஜமா?’ என்று போனில் கேட்டான். பதில் சொல்ல நோட்டைத்தான் எடுத்தேன். அதை விட்டால் அவனிடம் நீட்ட என் கையில் உங்கள் சம்மேளனம் வெளியிட்ட ஒரு தாள்கூட இல்லை.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். பத்ம விருது உங்கள் கையில் இல்லை, அதை நான் கேட்கவில்லை. சிலையும் கேட்கவில்லை. 1937இலிருந்து நடக்கும் அமைப்பு உங்களுடையது. மெல்போர்ன், ரோம், ஜகார்த்தா ஆகிய மூன்று போட்டிகளிலும் யார் யார் ஆடினார்கள், யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார்கள் என்பதை ஆதாரத்தோடு, ஒரே இடத்தில், சம்மேளனத்தின் பெயரில் வெளியிடுங்கள். ரோம் அமைப்புக் குழுவின் அதிகாரபூர்வ அறிக்கை இருக்கிறது. அந்தக் காலத்து இத்தாலிய, பெரு நாட்டுப் பத்திரிகைகளுக்கு நூலகங்கள் இருக்கின்றன. தனி ஆளாக ஒரு ரசிகர் எழுதிக் கேட்டால் பதில் வராத கடிதத்துக்கு ஒரு நாட்டின் சம்மேளனம் எழுதிக் கேட்டால் பதில் வரும். பெரு ஆட்டத்தின் கோல் பலராமுடையதா சைமனுடையதா என்பதை ஒருமுறை தேடித் தீர்த்து, எந்த ஆதாரத்தை வைத்துத் தீர்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தீர்க்க முடியாவிட்டால் இரண்டு ஆதாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அதுவும் நேர்மையான பதிவுதான்.

இதைவிட அவசரமான ஒன்று உண்டு. அந்த ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்கள். 1961 லீக்கைப் பத்து வயதில் பார்த்த பையனுக்கு இன்று எழுபது தாண்டி வெகுநாளாகிறது. கல்கத்தாவில், செகந்திராபாத்தில், ரயில்வே குடியிருப்புகளில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய் ஒரு செல்போனை முன்னால் வைத்துப் பேச விடுங்கள். வங்காளியிலோ தெலுங்கிலோ உருதுவிலோ தமிழிலோ அவரவர் மொழியிலேயே பேசட்டும். போலீஸ் பூட்ஸ் கதை நிஜமா, யார் தைத்துக் கொடுத்தார், எந்தத் தெருவில் என்று கேளுங்கள். பலராமின் இடது கால் எப்படித் திரும்பும் என்று கேளுங்கள். எலுமிச்சம்பழமோ தீப்பெட்டியோ எடுத்து மேஜையில் உருட்டிக் காட்டுவார்கள், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். மாநிலச் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். இந்த வருஷம் செய்தால் கிடைப்பவர்களில் சிலர் அடுத்த வருஷம் இருக்கமாட்டார்கள்.

முடிந்தால் இன்னொன்று. ஒவ்வோர் அக்டோபர் 4 அன்றும் செகந்திராபாத்தில், அவர் பிறந்த அம்முகுடாவுக்குப் பக்கத்திலேயே, பன்னிரண்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஒரு நாள் போட்டி நடத்தலாம். பூட்ஸ் இல்லாத பிள்ளைக்கு அங்கேயே ஒரு ஜோடி கொடுத்து ஆட விடலாம். அன்று காலையில் பலராம் யார் என்று இரண்டு நிமிடம் யாராவது சொன்னால் போதும்.

பெரியப்பாவின் நோட்டில் 142 பக்கங்கள் எழுதியிருக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். பாதி தமிழ், கொஞ்சம் வங்காளி, ஆட்டக்காரர்கள் பெயர் மட்டும் ஆங்கிலத்தில். மை பரவிய இடங்களைப் படித்துத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன். அசலையும் டெல்லிக்குக் கொண்டுவந்து காட்டத் தயார். அந்த 1960 செப்டம்பர் பக்கத்தில் பென்சில் வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு பழைய நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் கால்பந்து ரசிகன்