தாய் மீன் ஆற்று மீனாக இருந்தால் போதுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தையில் திருமணம் என்கிறாய். இங்கே அமெரிக்காவின் ஆரிகனில் ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து ஆறேறும் காலம் அது. ஆனாலும் கட்டாயம் வருவேன்.

நீலகிரியில் அவலாஞ்சி மீன் பொரிப்பகத்தைப் பார்த்துவிட்டு, "தாய் மீனை ஆற்றிலிருந்தே பிடித்தால் குஞ்சும் ஆற்று மீன்தானே?" என்று கேட்டிருந்தாய். நீ அங்கே பார்த்த வானவில் டிரவுட்டும் எங்கள் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புவதைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறோம்.

இங்குள்ள வில்சன், நெஸ்டக்கா ஆறுகளில் நீ சொல்வதைத்தான் செய்கிறார்கள். முன்பு ஆல்சி ஆற்று வழிவந்த பண்ணை (பொரிப்பக) மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பொரித்து, பல ஆறுகளில் விட்டார்கள். அவை டிசம்பர், ஜனவரியோடு வந்து முடிந்துவிடும். இப்போது தூண்டில்காரர்களே ஆற்று மீனைப் பிடித்துத் தாய் மீனாகக் கொடுக்கிறார்கள். மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் தலை முன்னாக நுழைத்து, நீரோட்டத்தை நோக்கிக் கட்டி வைப்பார்கள். தொட்டி வண்டி வரும்வரை அது குழாய்க்குள் செவுள் அசைத்தபடி கிடக்கும். அதன் குஞ்சுகளுக்கு, வாலுக்கு முன்னால் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுகிறார்கள். அவை பெரியவையாகித் திரும்பும்போது மார்ச் வரைகூடக் கிடைக்கின்றன. தூண்டிலையும் நன்றாக எடுக்கின்றன. பழைய பண்ணை வழியைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அது ஆற்று மீன் ஆகிவிடாது, சேகர். ஹூட் ஆற்றில் பவர்டேல் அணையைத் தாண்டிய ஸ்டீல்ஹெட்களிடமெல்லாம் 1991 முதல் மாதிரி எடுத்து, மரபணு மூலம் எது எதன் பிள்ளை என்று கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர்கள் ஹிட்டோஷி அராகியும் மைக்கேல் புளூயினும் மற்றொருவரும் 2007இல் வெளியிட்ட முடிவு என்னை உலுக்கியது. பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் சந்ததி பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. 2012இல் வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. பண்ணைக்குள் அதிகச் சந்ததி தந்த குடும்பங்களே ஆற்றில் மோசமாகத் தோற்றன. ஒரே தலைமுறையில் இது நடந்துவிடுகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆற்றில் முட்டையிலிருந்து கடலுக்குப் போகும் பருவம்வரை பிழைப்பவை மிகச் சொற்பம். வெள்ளமும் பசியும் மீன்கொத்தியும் கழித்துக்கட்டியிருக்கும் குஞ்சுகளைப் பண்ணை பிழைக்க வைக்கிறது. நெரிசலான தொட்டியில் தீவனத்துக்கு முந்துவதே அங்கே வெற்றி. ஆற்றில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு வளர வேண்டியதை ஒரே ஆண்டில் வளர்த்துக் கடலுக்கு அனுப்புகிறார்கள். தாய் எங்கிருந்து வந்தாலும், எவை பிழைக்க வேண்டும் என்பதைத் தொட்டிதான் முடிவு செய்கிறது.

அதனால் என் கருத்து இதுதான். சாப்பிடப் பிடிப்பதற்கென்று ஓர் ஆற்றில் பண்ணை மீன் விடுவதாக இருந்தால், தாய் மீன் அந்த ஆற்று மீனாகவே இருக்கட்டும். ஆனால் அதை ஆற்று மீனைப் பெருக்கும் திட்டம் என்று யாரும் சொல்லக் கூடாது. வரும் மீனே குறைவாக உள்ள சிற்றாற்றில், முட்டையிட வந்த பெண் மீனைக் குழாயில் அடைத்துக் கொண்டுபோவது எனக்குப் பொறுக்கவில்லை. சில ஆறுகளை முழுதாக விட்டுவிட வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2014இல் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ் ஆற்றில் பண்ணை ஸ்டீல்ஹெட் விடுவதையே நிறுத்தியது. அந்தத் துணிச்சல் இங்கும் வர வேண்டும் என்று கூட்டங்களில் பேசி வருகிறேன். தூண்டில் நண்பர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம்தான்.

அவலாஞ்சியில் தாய் மீன்களை எங்கிருந்து எடுக்கிறார்கள், ஓடையில் தானாகப் பெருகியவற்றை எப்போதாவது சேர்க்கிறார்களா என்று கேட்டு எழுது. திருமணத் தேதி முடிவானதும் உடனே சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
ரகு