அக்காவுக்கு: பையனின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள அக்கா,

பையனின் வலிப்புக்காக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். வலது டெம்போரல் லோபில், அதாவது காதுப் பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியில், சின்னக் கட்டி, டி.என்.இ.டி. என்ற சாதுவான மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கட்டி என்றதும் வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். டி.என்.இ.டி. அந்த வகை இல்லை அக்கா. 1988-ல் பிரெஞ்சு மருத்துவர் கத்ரின் டோமா-டுபோர் குழு 39 நோயாளிகளை வைத்து இதைத் தனி வகையாக அடையாளம் காட்டியது. 'அறுவையால் குணமாகக்கூடிய கட்டி' என்று கட்டுரையின் தலைப்பிலேயே போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இது கிரேடு 1, வீரியம் மிகக் குறைந்த படி. பெரும்பாலும் வருடக்கணக்கில் வளராமல் கிடக்கும், ஆனால் வலிப்பை மட்டும் கிளப்பிக்கொண்டே இருக்கும். எடுத்துப் பரிசோதித்தால்தான் வகை உறுதியாகும்.

அடிவயிற்றிலிருந்து என்னவோ ஏறுகிறது என்பான், பார்வை நிலைகுத்தும், உதட்டைச் சப்புவான், சட்டைப் பொத்தானை நிரடிக்கொண்டே இருப்பான் என்றாயே, டெம்போரல் லோப் வலிப்பு பெரும்பாலும் அப்படித்தான் வரும். அவன் நடிக்கவில்லை, காத்து கருப்பும் இல்லை. கையில் சாவியைத் திணிப்பதை மாமா இன்றோடு விடட்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொரு மாத்திரை சேர்த்துப் பார்க்கலாம் என்கிறாராம் டாக்டர். சரியான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றாலே அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பது 2010-லேயே உலக அளவில் வகுத்த வரையறை. நம் பையன் அதைத் தாண்டிவிட்டான். மாத்திரையை நிறுத்தாதே. ஆனால் அறுவைக்கு ஏற்றவனா என்று பார்ப்பதை இனியும் தள்ளிப்போடாதே. வருடக்கணக்கில் வலிப்போடு வளர்ந்து, படிப்பையும் ஞாபகத்தையும் இழந்தபிறகு வரும் பிள்ளைகளை வார்டில் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவில்லை.

டெல்லி எய்ம்ஸில், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம். எல்லோருக்கும் கட்டி இல்லை, காரணங்கள் பலவிதம். சிலருக்குக் கை கால் பலவீனமும் வந்தது. எந்த இடத்தில், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அதை நேரடியாகவே கேள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை ஆஸ்பத்திரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் வலிப்பு அறுவைக்கென்றே குழு இருக்கிறது. அட்மிட் செய்து வீடியோ ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள் (வீடியோவோடு சேர்த்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது), ஞாபகசக்தியைச் சோதிப்பார்கள். ஸ்கேன் சி.டி., பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. மாமா மொபைலில் எடுத்த வீடியோவை அழித்துவிடாதீர்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். அப்பாயின்மென்ட் கிடைத்ததும் தேதியைச் சொல், லீவு போட்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை