ஹாம்பர்க் மீன் சந்தையும் நம்ம வள்ளமும்

அம்மா,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, கோவிச்சுக்காத. போன்ல பேசினா நீ அழுதுடுவ, அதான் எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம், எனக்கு இப்ப ஷிப்ட் கொஞ்சம் கம்மி, அதுவும் நல்லதுதான், பிள்ளைகளோட இருக்க முடியுது. ஸ்கூல் லீவுன்னு ரெண்டு நாள் ஜெர்மனியில இருக்கிற ஹாம்பர்க் போனோம். ஆத்தங்கரையில ஒரு மீன் சந்தை, ஞாயித்துக்கிழமை மட்டும், விடியக்காலம் 5 மணிக்கு ஆரம்பிச்சு 9.30க்கெல்லாம் கடையைக் கட்டிடுறாங்க. 1703ல இருந்து நடக்குதாம், கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி வித்து முடிக்கணும்னுதான் அந்தக் காலத்துல இந்த நேரம் வச்சாங்களாம். அப்பாட்ட சொல்லு, சிரிப்பாவ.

ஜூலை மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுத்தான் நின்னோம். பேருதான் மீன் சந்தை, வாழைப்பழம், பூச்செடி, துணி எல்லாம் கிடக்கு. ஏலம் போடன்னு 1896ல கட்டின பெரிய ஹால்ல இப்ப மீனே இல்ல, பாட்டுக் கச்சேரி, ராத்திரி தூங்காததுக எல்லாம் காலங்காத்தால பீரும் கையுமா ஆடுதுக! பன்னுக்குள்ள உப்புல ஊறுன ஹெரிங்கும் பச்சை வெங்காயமும் வச்சுத் தர்றாங்க, அடுப்பையே காட்டாத மீன்மா, நம்ம சாளைக்கு அண்ணன் மாதிரி இருக்கு. உன் மருமக மூக்கைப் பிடிச்சிட்டா. நாலு பேருக்கும் ஒன்னுதான் வாங்கினோம், ருசி பார்க்கத்தான. பழம் 9 மணிக்கு மேல விலை இறங்கும்னு காத்திருந்து ஒரு கூடை வாங்கினோம்.

ஒருத்தன் வண்டி மேல நின்னு பையில ஒரு விலாங்கு, இன்னொன்னு, மேல ஒரு சால்மன்னு போட்டுக்கிட்டே தொண்டை கிழிய கத்துதான். பாதி புரியல, ஆனா திரேஸ்புரம் கரையில நம்ம ஏலக்காரர் கத்துவாருல்ல, அதே இழுப்பு. அப்பா சீலா மீனை மணல்ல போட்டுட்டு அவரு வாயையே பார்த்துட்டு நிப்பாவளே, அதை நினைச்சுட்டு எவ்வளவு நேரம் நின்னேனோ, பக்கத்துக் கடைக்காரன் கூட்டத்துக்குள்ள வீசுன வாழைப்பழம் நேரா என் நெஞ்சுல வந்து விழுந்துச்சு. சின்னவன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான்.

26ஆம் தேதி மாதா கோயில் கொடியேத்தம், இந்த வருசமும் நான் இல்ல. திருவிழாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா நகைப் பேச்சை நீயா எடுக்காத, அண்ணன் இருக்கும்போது பேசிக்கலாம். வள்ளத்துல நம்ம பங்கை விக்கணும்னு அண்ணன் சொல்றானாமே? அப்பாவைக் கேக்காம யாரும் கையெழுத்துப் போட வேணாம், அந்த இன்ஜின் கடனை நான் பார்த்துக்குறேன்னு சொல்லு. இந்த மாசப் பணம் மட்டும் 10ஆம் தேதிக்கு மேல வரும், பேங்க்ல ஏதோ லேட்டு. அப்பா கண்ணு ஆபரேஷன் என்னைக்குன்னு மைனியை வாட்ஸ்அப்ல போடச் சொல்லு.